நெக்ஸான் இவியில் டேஷ் கேம்: கேமராவுக்கு மூன்று மார்க், ஒயரிங்குக்கு ஐந்து

கேமரா 7,200 ரூபாய். ஹார்ட்வயர் கிட் 1,400. மெமரி கார்டு, ஃப்யூஸ் டேப் (ஒட்டும் டேப் இல்லை, ஃப்யூஸ் பெட்டியில் செருகிக் கிளை இணைப்பு எடுக்கும் துண்டு) இரண்டு, மாட்டிய கூலி எல்லாம் சேர்த்து 2,900. ஆக மொத்தம் 11,500 ரூபாய். இதில் கேமராவைப் பற்றிக் கொஞ்சம்தான் எழுதப்போகிறேன். அதன் கம்பெனி பெயரைப் போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பக்கம் போய்விடும். இந்த விலையில் கிடைப்பவை எல்லாம் பகலில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் படம் எடுக்கின்றன. மின்சாரக் காரில் கேமரா மாட்டுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

நான் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது குரோம்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன். வண்டி, 2023 செப்டம்பரில் வந்த புது வடிவ டாட்டா நெக்ஸான் இவி, 40.5 கிலோவாட் மணி பேட்டரி. ஜி.எஸ்.டி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு, கண்ணாடியில் ஒட்டி ரோட்டைப் படம்பிடிக்கும் இந்த டேஷ் கேம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. இடது பக்கம் ஷேர் ஆட்டோ, வலது பக்கம் எதிர்த் திசையில் வரும் ஸ்கூட்டர், பல்லாவரத்தில் திடீரென்று நிற்கும் பஸ். தப்பு யாருடையது என்று கேட்டால், பெரிய வண்டியில் உட்கார்ந்திருக்கும் பொம்பளையுடையது என்று கூட்டம் உடனே தீர்ப்பு சொல்லிவிடும். அதனால் வாங்கினேன்.

“காலுக்குக் கீழே அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கிறது, ஒரு சின்னக் கேமராவுக்கு என்ன பஞ்சம்?” என்று என் தம்பியே கேட்டான். பஞ்சம்தான். தரைக்குக் கீழே இருக்கும் அந்தப் பெரிய பேட்டரி 300 வோல்ட்டுக்கு மேல் உள்ள சங்கதி. வண்டியை அணைத்ததும் அதற்குள் இருக்கும் காண்டாக்டர் என்னும் பெரிய ரிலேக்கள் திறந்துகொண்டு, அதை மற்ற எல்லாவற்றிலிருந்தும் துண்டித்துவிடும். அதற்குப் பிறகு கதவுப் பூட்டு, அலாரம், போனில் வண்டியைக் காட்டும் அந்த ஆப்புக்கான கருவி எல்லாமே பானெட்டுக்கு அடியில் இருக்கும் சாதாரண 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை நம்பித்தான். பெட்ரோல் காரில் இந்த பேட்டரியை ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும். இதில், பெரிய பேட்டரியின் வோல்ட்டேஜை இறக்கித் தரும் டிசி டிசி கன்வெர்ட்டர் அந்த வேலையைச் செய்கிறது, அதுவும் வண்டி ஓடும்போதும் சார்ஜரில் செருகியிருக்கும்போதும்தான். நிறுத்திப் பூட்டிய வண்டியில் பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்கு அவ்வப்போது தானாகவே கொஞ்சம் ஊட்டிக்கொள்ளும் கார்களும் உண்டு. எல்லாக் கார்களும் அப்படி இல்லை. கூட வரும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறையப் பேர் யோசிக்காத இடம் ஒன்று இதில் இருக்கிறது. காண்டாக்டரை மூடுவதற்கான ஆணை 12 வோல்ட்டிலிருந்துதான் வர வேண்டும். அது செத்துப்போனால், பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தாலும் வண்டி ‘ரெடி’ ஆகாது. பெட்ரோல் காரில் பேட்டரி நலிந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும்போதே அந்த முனகலில் தெரிந்துவிடும். ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கில் ஆம்பியர் வேண்டும், அதனால் அது சீக்கிரமே புகார் சொல்லும். மின்சாரக் காரில் அப்படி இழுக்கும் வேலை எதுவும் கிடையாது. சில ஆம்பியர் இருந்தாலே போதும், கடைசி நாள் வரை எல்லாம் நன்றாகவே ஓடும். ஒரு நாள் காலையில் சாவியை அழுத்தினால் கதவே திறக்காது.

கேமரா எவ்வளவு குடிக்கிறது என்று மீட்டரைத் தொடராக இணைத்துப் பார்த்தேன். ஓடும்போது முன், பின் இரண்டு கேமராவும் சேர்ந்து 0.36 ஆம்பியர். சுமார் நாலரை வாட். இதனால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறையுமா என்று பயப்படுகிறவர்களுக்கு: பத்து மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினால் கேமரா எடுத்துக்கொள்வது 45 வாட் மணி. என் வண்டி ஒரு கிலோமீட்டருக்கே 130, 140 வாட் மணி சாப்பிடுகிறது. ஆக, பத்து மணி நேரக் கேமராவின் விலை அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

நிறுத்தியிருக்கும்போது கதை வேறு. வண்டி நிற்கும்போதும் காவல் காக்கும் பார்க்கிங் மோடில் நொடிக்கு ஒரு படம் வீதம் எடுக்கும்போது 0.22 ஆம்பியர். இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் 48 மணி நேரம், பத்தரை ஆம்பியர் மணி. காரில் வரும் 12 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு பெரும்பாலும் 35 முதல் 45 வரை. லெட் ஆசிட்டை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும் என்பதால் நமக்குப் பயன்படுவது 20 ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை இந்தத் தீப்பெட்டி சைஸ் பொருள் இரண்டே நாளில் காலி செய்துவிடுகிறது. வண்டியின் சொந்தச் செலவு தனி.

அதனால் எப்படி இணைப்பது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சுலபமானது, கூட வரும் சார்ஜரை 12 வோல்ட் சாக்கெட்டில் செருகிவிடுவது. வண்டி அணைந்தால் கேமராவும் அணையும், ஆபத்து எதுவும் இல்லை. டாஷ்போர்டில் ஒயர் தொங்கும், நிறுத்தியிருக்கும்போது பதிவு கிடையாது, அவ்வளவுதான். வாடகை வீட்டை மாற்றுவது மாதிரி வண்டியையும் அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு இதுவே போதும். அடுத்தது, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி சாக்கெட்டில் செருகும் கேபிள். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அந்த சாக்கெட் வண்டியின் கம்ப்யூட்டர்களோடு பேசுவதற்கு உள்ளது. அதில் எப்போதும் கரண்ட் இருக்கும், சர்வீசுக்குப் போனால் கழற்ற வேண்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை. கேமராவுக்கென்றே தனியாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. ஓடும்போது அது சார்ஜ் ஆகி, நிறுத்தியதும் கேமராவுக்குக் கொடுக்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் மின்சாரக் காருக்கு அதுதான் சரியான விடை. விலையோ என் கேமராவை விடப் பல மடங்கு. சரி, விட்டேன்.

மிச்சம் ஹார்ட்வயர் கிட். மூன்று ஒயர்: கறுப்பு எர்த், சிவப்பு ஆக்சஸரி (வண்டி ஆனில் இருக்கும்போது மட்டும் கரண்ட் வருவது), மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் பாசிட்டிவ். நடுவில் ஒரு சின்ன டப்பா, 12 வோல்ட்டை 5 ஆக்கிக் கேமராவுக்குத் தருகிறது. சிவப்பில் கரண்ட் இருந்தால் வண்டி ஓடுகிறது என்று கேமரா புரிந்துகொள்ளும், இல்லையென்றால் மஞ்சளிலிருந்து எடுத்துப் பார்க்கிங் மோடுக்குப் போகும். மஞ்சளில் வோல்ட்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த டப்பா தானே துண்டித்துக்கொள்ளும்.

மாட்ட ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் சீட் கவர், ஸ்டீரியோ, மேட் என்று காருக்கு அலங்காரம் செய்கிற கடைகள்தான் அந்தத் தெரு முழுக்க. வண்டியை நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வேலை நடப்பதும் பாதி ரோட்டோரத்தில்தான்.

முதலில் நின்ற கடையில், “மேடம், ஸ்டீரியோ ஒயரிலேயே எடுத்துக்கலாம், இருபது நிமிஷம்” என்றார்கள். எடுத்துக்கொள்வது என்றால், வண்டியின் ஒயரைப் பிளேடால் உரித்து, நம் ஒயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப். முப்பது வருடம் லேபில் டேப் சுற்றிய இணைப்புகளின் கதியைப் பார்த்தவள் நான். நம் ஊர் வெயிலில் அந்தப் பசை இளகி, இரண்டு கோடைக்குள் டேப் தானாகப் பிரியும். தவிர, வண்டியின் ஒயரை வெட்டினால் வாரண்டி கேள்விக்குள்ளாகும், அது எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொருந்தும். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

நாலு கடை தள்ளி ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், பானெட்டைத் திறந்ததும் முதலில் ஆரஞ்சு நிற ஒயர்களைக் காட்டி, “இந்தக் கலர் எங்க இருந்தாலும் நான் கை வைக்க மாட்டேம்மா, அது பெரிய கரண்ட்டு” என்றான். உயர் வோல்ட்டேஜ் கேபிள்கள் ஆரஞ்சில்தான் இருக்கும். அதைச் சொல்லத் தெரிந்தவனிடம் வண்டியைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அவன் வேலையில் எனக்குப் பிடித்தது அவசரமின்மை. உட்புற ஃப்யூஸ் பெட்டியில் எந்த ஃப்யூசில் எப்போது கரண்ட் வருகிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பி டெஸ்டரை வைத்தால் உடனே தெரிந்துவிடும். இதில் வண்டியை அணைத்த பிறகும் பல கம்ப்யூட்டர்கள் சில நிமிடம் விழித்திருக்கும். அந்த நேரத்தில் பார்த்தால் ஆக்சஸரி ஃப்யூசில்கூடக் கரண்ட் இருப்பதாகக் காட்டும். சாவி பக்கத்தில் இருந்தாலே விழித்துக்கொள்ளும் வண்டிகளும் உண்டு. பையன் மீட்டர் ஒயரை ஜன்னல் வழியாக வெளியே இழுத்து வைத்துவிட்டு, வண்டியைப் பூட்டச் சொன்னான். “சாவிய எடுத்துக்கிட்டு அந்த டீக்கடைகிட்ட போய் நில்லுங்கம்மா. இது தூங்கட்டும், அப்புறம்தான் நெஜம் தெரியும்.” டீ குடித்துவிட்டு வந்தேன். அவன் சொன்னது சரி. முதலில் 12 காட்டிய ஒரு ஃப்யூஸ் இப்போது பூஜ்யம் காட்டியது.

கடைசியில் சிவப்பு ஒயருக்கு 12 வோல்ட் சாக்கெட்டின் ஃப்யூஸ், மஞ்சளுக்கு உள்விளக்கின் ஃப்யூஸ். இரண்டிலும் ஃப்யூஸ் டேப் போட்டான். பழைய ஃப்யூசைப் பிடுங்கி, அந்த இடத்தில் டேப்பைச் செருகி, டேப்பின் ஒரு வாயில் பழைய ஃப்யூசையும் இன்னொரு வாயில் கேமராவுக்கான 3 ஆம்பியர் ஃப்யூசையும் வைக்கிறார்கள். வண்டியின் ஒயரில் ஒரு கீறல்கூட இல்லை, நாளைக்கே பிடுங்கினால் பழையபடி ஆகிவிடும். வாங்கும்போது ஃப்யூசின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ என்று அதில் சாதிகள் நிறைய. ஏர்பேக், ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங் ஃப்யூஸ்களின் பக்கமே போகக் கூடாது. கரண்ட் அங்கே இருக்கிறதே என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஏ பில்லரில் இன்னும் கவனம் வேண்டும். இந்த நெக்ஸானில் ஆறு ஏர்பேக், அதில் கர்ட்டன் ஏர்பேக் கண்ணாடியின் ஓரத் தூண் வழியாகக் கூரையின் ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கேமரா ஒயர் அதன் முன்னால் குறுக்கே போனால், அது விரியும்போது ஒயரும் சேர்ந்து முகத்துக்கு வரும். பையன் தூணின் மூடியைக் கழற்றி, ஒயரை ஏர்பேக்குக்குப் பின்புறமாகக் கொண்டுபோய், ஏற்கெனவே இருந்த ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டினான். மூடியை மேலாக நெம்பி ஒயரைத் திணித்துவிடுகிற கடைகள்தான் அதிகம். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். எர்த்துக்கு, பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டைத் தேடிப்பிடித்தான்.

பின் கேமரா ஒயரை டிக்கிக் கதவின் ரப்பர் குழாய்க்குள் நுழைப்பதற்குள்தான் அவனுக்கு உயிர் போய்விட்டது. மற்ற வேலைக்கு ஆன நேரத்தில் பாதி அதற்கே போனது. கூலி 900. பேரம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு என் பங்கு. கிட்டின் டப்பாவில் 11.6, 12.0, 12.4 வோல்ட் என்று மூன்று கட் ஆஃப், அதாவது துண்டித்துக்கொள்ளும் அளவு. வந்தது 11.6இல் வைத்து. ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி முழுசாக இருந்தால் 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 11.6 என்றால் அது காப்பாற்றும் அளவே இல்லை, சங்கு ஊதியபின் வரும் டாக்டர். 12.4இல் வைத்தேன். இதில் பதிவு நேரம் குறைகிறது என்பது உண்மை. இரவு பூட்டிவிட்டுப் போனால் விடிவதற்குள் சில நாள் கேமரா நின்றுபோயிருக்கிறது. எனக்கு அது சம்மதம். கிட் வாங்கும்போது 12.2 அல்லது 12.4 அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பல மலிவு கிட்டுகளில் 11.8க்கு மேல் இருக்காது.

மின்சாரக் காரில் மட்டும் வரும் இன்னொரு வேடிக்கை உண்டு. சில கேமராக்களும் கிட்டுகளும் சிவப்பு ஒயரே இல்லாமல், வோல்ட்டேஜைப் பார்த்து “வண்டி ஓடுகிறது” என்று முடிவெடுப்பவை. 13க்கு மேல் ஏறினால் இன்ஜின் ஓடுகிறது என்று அர்த்தம், பெட்ரோல் காரில் அது சரி. இதில் சார்ஜரில் செருகியதும் கன்வெர்ட்டர் வேலை செய்து 12 வோல்ட் பேட்டரி 14ஐத் தொட்டுவிடும். நின்ற இடத்திலேயே வண்டி இரவு முழுக்கப் பயணம் போவதாக நினைத்து அந்தக் கேமரா, எதிரே இருக்கும் அப்பார்ட்மென்ட் சுவரை முழுத் தரத்தில் படம்பிடித்து, பகலில் எடுத்ததன் மேலேயே எழுதித் தள்ளும். மூன்று ஒயர் கிட்டில் இந்தத் தொல்லை இல்லை.

மஞ்சள் ஒயரில் ஒரு சின்ன ஸ்விட்சும் போடச் சொன்னேன். பையனுக்குப் புரியவில்லை, “எதுக்கும்மா, அதான் கட் ஆஃப் இருக்கே” என்றான். எங்கள் அப்பார்ட்மென்டில் கீழ்த்தள பார்க்கிங், கேட்டில் வாட்ச்மேன். அங்கே பார்க்கிங் மோடு வீண். தி.நகரில் ரோட்டோரத்தில் விட்டால் வேண்டும். அப்புறம் மழைக்காலம். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வெள்ளத்துக்குப் பயந்து அப்படிப் பாலத்தில் விட்டுவிட்டு வந்தால் இரண்டு, மூன்று நாள் சார்ஜரும் இல்லை, ஓட்டமும் இல்லை. திரும்பிப் போகும்போது வண்டி கிளம்ப வேண்டும். பம்பரைக் கீறியது யார் என்று தெரிவதை விட அது எனக்கு முக்கியம். ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்துவிடலாம். அதற்காகும் செலவு 40 ரூபாய்.

மலிவான கிட்டுகளில் இன்னொரு குறை, ரேடியோவில் இரைச்சல். 12ஐ 5 ஆக்கும் டப்பாவுக்குள் ஸ்விட்சிங் நடப்பதால் எஃப்எம்மில் கொரகொரப்பு வரும். மாட்டி முடித்ததும் 101.4 ரெயின்போ வைத்து, கேமராவைப் பிடுங்கியும் செருகியும் கேட்டேன். வித்தியாசம் இல்லை. உங்களுக்கு இருந்தால் கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே டப்பாவை ஏரியல் ஒயரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

இனி கேமரா. உள்ளே லித்தியம் பேட்டரி இல்லாமல், அதற்குப் பதிலாகக் கொஞ்சம் கரண்ட்டைச் சேமித்து வைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் இருப்பதைத் தேடி வாங்கினேன். கத்திரி வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு பொருளுக்குள் லித்தியம் செல் இருந்தால் அது உப்பிப்போகும். முதல் கோடையைத் தாண்டிவிட்டது, ஸ்டிக்கரும் பிடித்திருக்கிறது. பகலில் முன்னால் போகும் வண்டியின் நம்பர் தெளிவாகப் படிக்க முடிகிறது. இரவில், எதிரே ஹை பீமில் வருகிறவனின் நம்பர் வெறும் வெள்ளைத் திட்டு. பெட்டியில் ‘நைட் விஷன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அதற்காகத்தான் இரண்டு மார்க் குறைத்தேன். பின் கேமரா, பின் கண்ணாடியின் பனியைப் போக்கும் டீஃபாகர் கோடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதால் மழையில் பயனில்லை.

மைக்கை அணைத்து வைத்திருக்கிறேன். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டி, ஊசி விழுந்தாலும் பதிவாகிறது. விபத்துக் காட்சியைப் போலீசில் காட்டும்போது, அதற்கு முந்தின நிமிடம் என் நாத்தனாரைப் பற்றி நான் தங்கையிடம் சொன்னதும் சேர்ந்து ஓட வேண்டாம்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். திரும்பத் திரும்ப எழுதி அழிக்கும் வேலைக்கு ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று தனியாக விற்கிறார்கள், அதுதான் வேண்டும். போனுக்கு வாங்கிய கார்டைப் போட்டால் சில மாதத்தில் சத்தமில்லாமல் செத்துப்போகும், சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ஏதாவது நடந்துவிட்டால் கார்டை உடனே எடுத்துவிட்டு வேறு போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கச் சான்றிதழும் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பிலிருந்து கணக்கிடும், அதன் கைரேகை மாதிரியான எண்) வேண்டும். மூலக் கோப்பு கையில் இருந்தால்தான் அதெல்லாம் செல்லும்.

அந்தக் கடைக்குப் போகிறவர்களுக்கு: காலை பதினொன்றுக்கு முன்பு போனால் வாசலிலேயே நிறுத்தலாம். கிட்டையும் கார்டையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அவர்களிடம் இருந்த கிட்டில் 12.4 இல்லை. ஃப்யூஸ் டேப் அவர்களிடமே நல்லது கிடைக்கிறது.